ஊட்டுக்குள்ள என்ன பூட்டு?

எங்கள் வீட்டில் பூட்டு என்றால் அது வெளிக் கேட்டுக்கு மட்டும்தான். பீரோச் சாவி பீரோவிலேயே தொங்கும். சமையலறைக்குக் கதவே கிடையாது. குளியலறைத் தாழ்ப்பாள் பாதி வரைதான் விழும், அதையும் யாரும் சரி செய்யவில்லை. யாராவது உள்ளே இருந்தால் இருமிக்கொண்டே குளிக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் போட்டவள் நான். அதற்காக நான் கேட்ட பேச்சு இருக்கிறதே, ஒரு லாரியில் ஏற்றினாலும் மிஞ்சும்.

மல்லசமுத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. மாமனாருக்கு அப்போது மூன்று லாரிகள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். நான் கல்யாணமாகி வந்தபோது அங்கே ஒரு மேசையும் பர்மிட், இன்சூரன்ஸ் காகிதங்கள் அடைத்த நான்கு பைகளும் இருந்தன. நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், வந்த மூன்றாம் மாதமே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, "இனி காகிதமெல்லாம் நீயே பார்த்துக்க சாமி" என்று மாமனார் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு வேலை. எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அப்படி நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பைத்தியக்காரி!

அது தனி வளையாகவா இருந்தது? பேருந்து நிலையம் மாதிரி இருந்தது. டிரைவர் வந்தால் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பார். பால் ஊற்ற வருகிறவர் மழை வருமா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். கொழுந்தன் நான் சோறு வடிக்கப் போன நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நான் திறந்து வைத்திருந்ததை மூடிவிட்டு ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி வீடியோ பார்ப்பான். அவன் பெண்டாட்டி கல்யாண ஆல்பம் பார்ப்பாள். மாமனார் இருக்கிறாரே, அவர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பார். கடையிலிருந்து வரும் விளம்பரத்தைக்கூட விடமாட்டார்.

ஒருமுறை என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி மெயில் அனுப்பியிருந்தாள். தமிழில்தான் எழுதியிருந்தாள், பாவி. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வருவதற்குள் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உன் மாமியார் தொல்லை கொறஞ்சுதா இல்ல அப்படியேதான் இருக்குதா" என்று கணீரென்று படித்தார். மாமியார் எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாமனாருக்கு என்ன படித்தோம் என்பதே படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. "இது வேற யாரோ யாருக்கோ எழுதினதாட்ட இருக்குது" என்று சமாளித்துவிட்டு எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். மாமியார் நாலு நாள் என்னோடு பேசவில்லை. இதில் தப்பு யார் பேரில்? என் பேரில்தான். "அப்படியாப்பட்டத ஏன் தொறந்து வெச்சுட்டுப் போறே?" என்றார் என் வீட்டுக்காரர்.

அதையெல்லாம் சகித்துக்கொண்டேன். மனசுக்குள் திட்டிக்கொண்டே சகித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்ததைத்தான் என்னால் யாருக்கும் காட்ட முடியவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் கேட்டது, உறவு கேட்டது. கேட்டது என்ன, என்னைத்தான் கேட்டது. அவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, யாரிடமும் சொல்லாமல், டயர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனோம். எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அவர் பக்கம். டாக்டரம்மா நல்ல மாதிரி, "இது யார் தப்பும் இல்லை, வழி இருக்கு, வைத்தியம் செய்யலாம்" என்று பொறுமையாகச் சொன்னார். ரிப்போர்ட்டுகளை மெயிலில் அனுப்புவதாகவும், ஒவ்வொரு முறையும் பழையதைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டையாம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் என் வீட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. "ஊட்டுல யாருக்கும் தெரியக்கூடாது. என்ன பேசுனாலும் நீ வாயத் தொறக்கக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அந்த நேரத்தில் எந்தப் பெண்டாட்டி மாட்டேன் என்பாள்? அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சத்தியத்தை நான் கட்டாயத்தில் பண்ணவில்லை, ஆசையாகவே பண்ணினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சத்தியம் பண்ணுவது சுலபம். அந்த வீட்டில் ரிப்போர்ட்டை எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் துணி மடித்து வைக்க மாமியார் திறப்பார். என் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள், பால் வண்டிக்காரர் உட்பட. கம்ப்யூட்டரில்தான் வைத்தாக வேண்டும். அதற்குள்ளே ஒரு ஃபோல்டர் போட்டு அதில் போட்டேன். யாரும் திறக்கத் தோன்றாத பெயராக இருக்க வேண்டும் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சமையல் குறிப்பு என்றால் கொழுந்தன் பெண்டாட்டி திறப்பாள். போட்டோ என்றால் ஊரே திறக்கும். கடைசியில் "பழைய எஃப்.சி." என்று பெயர் வைத்தேன். லாரி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று வாங்கும் சான்றுதான் எஃப்.சி. காலாவதியான எஃப்.சி.யை எந்த மனுசன் பார்ப்பான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

லாரிக்காரர் வீட்டில் வாழ்ந்துகொண்டு இப்படி யோசித்தவளை என்ன சொல்வது!

இரண்டு மாதம் கழித்து, என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று ஓமலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை அடித்துக் குழந்தை அலறிக்கொண்டிருக்கிறது, என் போன் அடிக்கிறது. மாமனார்.

"ஏஞ்சாமி, நம்ம மூத்த லாரியப் பார்க்க ஒரு பார்ட்டி வந்திருக்கறாங்க. வெலைக்குக் கேக்கறாங்க. பழைய எஃப்.சி. எல்லாம் காட்டுங்கன்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல எங்க வெச்சிருக்கற?"

 லாரியை விற்கும்போது முதலில் கேட்பதே பழைய எஃப்.சி.தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"இருங்க மாமா, நீங்க ஒண்ணும் தேடாதீங்க. இப்பவே கெளம்பி வாரேன். நானே எடுத்துத் தாரேன்."

"விசேசத்த உட்டுப்போட்டு எதுக்கு வார? நாங்களே பார்த்துக்கறோம்."

"இல்லைங்க மாமா, உங்களுக்கு அது கிடைக்காதுங்க. வந்துட்டே இருக்கேன்."

பந்திக்குக்கூட உட்காரவில்லை. அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஓமலூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து மல்லசமுத்திரம். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிறது, எனக்கோ இறங்கித் தள்ளலாம் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பார்ட்டி போய்விட்டிருந்தது. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா சாமி? மொதல்ல காப்பி குடி" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எஃப்.சி. எடுக்கட்டுங்களா மாமா?" என்றேன். "அவங்க இன்னொரு நா வாரேன்னுட்டாங்க. மெதுவா எடு" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. ரிப்போர்ட்டுகள் வரிசையாக இருந்தன. ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதும் மனுசன், அவருக்கு எங்கே இதெல்லாம் திறக்க வரப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். குலசாமிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அன்று சாயங்காலமே அந்தப் பெட்டிக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டேன்.

பூட்டு போட்ட கதை அதைவிடக் கேவலம். நான் வைத்த முதல் கடவுச்சொல் குலசாமி பெயரும் எங்கள் முதல் லாரியின் நம்பரும். மறுநாள் காலையில் கொழுந்தன் உட்கார்ந்தான், தட்டினான், திறந்துவிட்டான். ஒரே தட்டில்.

"அண்ணி, இதையா போட்டீங்க?" என்று சிரித்தான். "அப்பனோட ஏ.டி.எம். இந்த லாரி நம்பர்தான், அண்ணன் போன் இதுதான், வைஃபை இதுதான். நம்ம சாதி சனத்துல பாதிப் பேரு அவங்கவங்க சாமியும் லாரி நம்பரும்தான் போட்டிருக்கறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சாமியைக்கூட எனக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை பாருங்கள். உடனே மாற்றினேன். என் பள்ளிக்கூடத் தேர்வு எண்ணைப் போட்டேன். அது என் அம்மாவுக்கே தெரியாது. அதோடு எழுந்து போகும்போதெல்லாம் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். குக்கர் கூப்பிட்டால் பூட்டு. வாசலில் யாரோ கூப்பிட்டால் பூட்டு. தும்மல் வந்து எழுந்தால்கூடப் பூட்டு. நான் மறந்தாலும் தானே பூட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிஷம் வைத்துவிட்டேன். அது என்னையே படுத்தியது. பர்மிட்டைப் பார்த்து வண்டி நம்பரை எழுதி நிமிர்வதற்குள் திரை இருண்டு, நீ யார் என்று என்னிடமே கேட்கும்.

வீட்டில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "ஊட்டுக்குள்ள என்ன பூட்டு? நாங்க என்ன திருடவா போறோம்?" என்றார் மாமியார். இதைத் தினமும் சொன்னார், வெவ்வேறு ராகத்தில் சொன்னார். மாமனார் முன்னறைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். கொழுந்தன் பெண்டாட்டி, "அக்கா பேங்க் மேனேஜர் ஆயிட்டாங்க, டோக்கன் போட்டுத்தான் பார்க்கோணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஒருமுறை நான் பல் வலிக்கு டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் டிரைவர் ஒருவர் செக்போஸ்டில் நின்றுகொண்டு இன்சூரன்ஸ் காப்பி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து போனில் கேட்டவர்களுக்கு, வாயில் பஞ்சோடு நான் கடவுச்சொல்லைச் சொல்ல மறுத்தேன். நானே வந்து அனுப்புவதற்குள் அவர் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். அந்தப் பாவம் என் தலையில்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரும் கேட்டார். "அந்தப் பூட்டு எதுக்கு? எல்லாரும் சங்கடப்படறாங்கல்ல?" என்றார்.

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு போனார்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. வைத்தியம் தொடங்கினோம், ஒருமுறை பலிக்கவில்லை, கொஞ்சம் நிறுத்தி வைத்தோம். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் ஒளித்தே செய்தோம். நடுவில் பேச்சு மட்டும் நிற்கவில்லை. மாமனாரின் அண்ணன் பெண்டாட்டி, என் பெரியத்தை, கல்யாண வீடு என்றால் என் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார். மாமியார் என்னை அழைத்துப் போகாத கோயில் இல்லை. திருச்செங்கோட்டு மலைப்படி முழுதும் வெறுங்காலில் ஏறினேன். ஆடி மாதத்தில் ஒரு அம்மன் கோயிலில், இலையும் இல்லாமல் தட்டும் இல்லாமல் தரையில் போட்ட சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் சாப்பிட்டேன். மண்சோறு என்பார்கள். குழந்தை இல்லாதவள் செய்கிற வேண்டுதல். பக்கத்தில் மாமியார் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல்லில் மணல் நறநறத்தது. தெரியாமல் செய்கிறார்கள், பாவம், வயசானவர்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவர்களுக்குத் தெரிந்தால் இதெல்லாம் செய்யச் சொல்வார்களா என்று அவர்கள் பக்கம் நானே வாதாடிக்கொண்டேன்.

இதற்கிடையில் கொழுந்தன் பெண்டாட்டி உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் கட்டுச்சோற்று விருந்து வைக்க நாள் குறித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அவள் அம்மா வீட்டார் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து போடும் விருந்து. அதற்குச் சாமான் வாங்க மாமியார் சேலத்துக்குப் போய், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நாலு பை நிறைய வாங்கி வந்தார். பைகளைப் பிரித்து மளிகையை டப்பாவில் கொட்டுவது என் வேலை. கடலைப்பருப்புக்கும் வரமிளகாய்க்கும் நடுவே நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதோ கஷாயப் பொடி என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு லேகிய டப்பா. மேலே கொட்டை எழுத்தில் இருந்தது, ஆண்களுக்கு, பிள்ளைப்பேறு உண்டாக, காலையில் பாலில் கலந்து.

கொஞ்ச நாளாகவே மாமியார் தன் மூத்த மகனுக்கு மட்டும் தானே பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன திடீர்ப் பாசம் என்று நான் கிண்டல்கூடச் செய்திருந்தேன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருக்குங்க அத்தை?" என்றேன்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தெரியுமுங்களா உங்களுக்கு?" என்றேன். 

"தெரியும் சாமி."

"எப்ப இருந்துங்க?"

"நீ ஓமலூர் போயிருந்தியே, காதுகுத்துக்கு. அன்னைக்கு உங்க மாமா எஃப்.சி. தேடுனாரு. பழைய எஃப்.சி.ன்னு போட்டிருந்துச்சு, தொறந்தாரு. அவருக்கு இங்கிலீசு புரியல. சின்னவனத்தான் கூப்புட்டுப் படிக்கச் சொன்னாரு."

கொழுந்தன் படித்தான் என்றால் அவன் பெண்டாட்டிக்கும் தெரியும். பேங்க் மேனேஜர் என்று சிரித்தாளே, அவளுக்கும் தெரியும். நான் ஓமலூர் பஸ்ஸில் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தபோதே முழு வீடும் படித்து முடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் நான் பூட்டியிருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை இத்தனை நாளும் வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சிருந்துமாங்க அத்தை என்னை மண்சோறு திங்க வெச்சீங்க?"

மாமியார் அழுதார். அழுதுகொண்டே சொன்னதை நான் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"பொம்பளைக்கு ஒரு கொறைன்னா ஊரு நாலு நாளைக்குப் பேசும், உட்டுரும். ஆம்பளைக்கின்னு தெரிஞ்சா அவன் பொழைக்க முடியுமா சாமி? லாரி ஸ்டாண்டுல நாலு பேரு முன்னால நிக்க முடியுமா? நீ தாங்கிக்குவ. அவன் தாங்க மாட்டான். உன்ன நாங்க ஒரு வார்த்த கடுசாப் பேசியிருப்பமா?"

பேசவில்லைதான். பேச வேண்டிய இடத்திலும் பேசவில்லை. பெரியத்தை என்னை ஒவ்வொரு பந்தியிலும் பொரித்து எடுத்தபோது இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் புளியமரத்தடியில் நானும் இதையேதான் நினைத்தேன், நான் தாங்கிக்கொள்வேன், அவர் தாங்கமாட்டார் என்று. நானாக எடுத்துச் சுமந்தது வேறு, எனக்குத் தெரியாமல் எல்லோரும் சேர்ந்து என் தலையில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தது வேறு. அந்த வித்தியாசத்தை மாமியாருக்கு விளக்கும் பொறுமை எனக்கு அன்று இல்லை, இன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் லாரிக்குக் கிரீஸ் அடித்துவிட்டு மத்தியானம் சாப்பிட வந்தார். கை கழுவும் இடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"உங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரியுமாமுங்க. ரெண்டு வருசமாத் தெரியுமாம்."

சோப்புப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. அதிர்ச்சி அடைவார், கோபப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் குழாயை மூடிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா எங்கிட்ட அந்த வாரமே கேட்டாரு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

அவர் துண்டைத் தேடினார். துண்டு அவர் தோளிலேயே இருந்தது. "சொன்னா, இனி என்னத்த மறைக்கறதுன்னு நீ பேச ஆரம்பிச்சிருவ. வெளிய தெரிஞ்சிரும்" என்றார்.

அதாவது அந்த வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைத்த பூனை நான்தான். ஒரு நிமிஷத்துக்கொருமுறை இருளும் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாது என்று நான் காத்த ரகசியத்தைச் சுற்றி ஐந்து பேரும் சாப்பிட்டு, தூங்கி, டிவி பார்த்திருக்கிறார்கள். ஓமலூர் மருமகளின் வாய் மூடியிருக்கிறது, அவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? எனக்கு அழுகை வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் கையெல்லாம் நுரையாக நின்றது பார்க்கச் சகிக்கவும் இல்லை.

அன்றிலிருந்து விருந்து வரைக்கும் ஐந்து நாள். நான் வேலைகளை எல்லாம் செய்தேன், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டேன். "இனி அந்தக் கம்ப்யூட்டரப் பூட்ட வேண்டாமல்ல?" என்று அவர் ஒருநாள் மெல்லக் கேட்டுப் பார்த்தார். சமாதானம் பேசுகிறாராம். "இனிமேத்தானுங்க பூட்டுவேன். இத்தனை நாளு உங்களுக்காகப் பூட்டுனேன், இனி எனக்காகப் பூட்டறேன்" என்றேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். அவருக்கும் சொல்லவில்லை.

கட்டுச்சோற்று விருந்தன்று வாசலில் பந்தல். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று தூக்குத் தூக்காக வந்து இறங்கியது. ஆண்கள் வெளியே சாப்பிட்டு முடித்து, பெண்கள் பந்தி உள்ளே நடந்தது. கொழுந்தன் பெண்டாட்டிக்கு இரண்டு கையிலும் வளையல், முகத்தில் களை. அவள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, பொறாமை இல்லை. நம்பினால் நம்புங்கள். என்னை ஒரு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மோர்க்குண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படியருகே நின்றிருந்தார்.

பெரியத்தை நேர் எதிரே. இரண்டு வாய் சாப்பிட்டதும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, உனக்குப் பின்னால வந்தவ உண்டாயிட்டா. நீ இன்னும் இப்படியே இருந்தா எப்படி? ஈரோட்டுல ஒரு டாக்டரம்மா இருக்குதாம். ஒரு எட்டுப் போயி உனக்கு என்ன கொறைன்னு பார்த்துட்டு வந்துரு. இல்லைன்னா பையனுக்கு வேற ஏற்பாடு பார்க்கோணுமல்ல? வம்சம் நிக்கோணுமல்ல?"

சுற்றிப் பதினைந்து பெண்கள். சாப்பிடுகிற சத்தம் குறைந்தது. மாமியார் புளிச்சோற்றுக் கரண்டியோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அத்தை, "அவள உடுங்க அக்கா" என்றாவது சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றவரைப் பார்த்தேன். அவர் மோரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

சரி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பார்த்தாச்சுங்க பெரியத்தை. ஈரோடு எல்லாம் வேண்டாங்க, சேலத்துலயே பார்த்தாச்சு. எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. எனக்கு ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரம்மா எழுதியே குடுத்துட்டாங்க."

"கொறை இல்லையா? அப்பறம் ஏன்…" என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். அவர் கண் மெல்லத் திரும்பியது. அவரோடு சேர்த்து அத்தனை பேர் கண்ணும் வாசற்படிக்குத் திரும்பியது. மோர்க்குண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவர் வெளியே நடந்தார்.

மாமியார் குனிந்து, கேட்காமலே என் இலையில் ஒரு கரண்டி சோறு வைத்தார். வைக்கும்போது காதோரமாக, "சத்தியம் பண்ணிக் குடுத்தியாமே அவனுக்கு" என்றார். 

"காப்பாத்திட்டுத்தானுங்க அத்தை இருக்கேன்" என்றேன். "நான் என்னைப் பத்தி மட்டுந்தான் சொன்னேன். உங்க மகனப் பத்தி ஒரு வார்த்த பேசலீங்களே."